விதியும் புறனடையும்

தேவதானத்தில் வசித்த என் ஆசிரியர், ஒரு பிற்காலப் பிரபந்தத்துக்குத் தாம் எழுதிய உரையை மூன்று குறிப்பேடுகளாக என்னிடம் ஒப்படைத்தார். பார்வை முற்றிலும் மங்குவதற்குள் அச்சில் கண்டுவிட வேண்டுமென்பது அவர் விருப்பம்.

அதனை எக்ஸ்எம்எல் கோப்பாக்கினேன். பாடல், உரை, மேற்கோள், ஐயம் என்று அடையாளக் குறிகளையும் தமிழிலேயே இட்டேன். அச்சுப்பக்கமாக மாற்றுவதற்கு, 1999இல் தரப்படுத்தப்பட்ட எக்ஸ்எஸ்எல்டி மொழியை அரைகுறையாகக் கற்றேன். 'ஒவ்வொரு பாடலாக எடு, அச்சிடு. அதன் உரையை எடு, அச்சிடு' என்று சுழற்சிக் கட்டளைகளால் வேலையை முடித்தேன்.

லென்ஸ் வைத்துப் படித்த ஆசிரியர் நிமிர்ந்தார். "என்ன தம்பி, மேற்கோள் செய்யுளெல்லாம் உரைநடையாக் கிடக்கு. போகட்டும். எனக்கு விளங்கலைன்னு எழுதின இடங்களை ஏன் எடுத்தீங்க?"

நான் எடுக்கவில்லை. கேட்டதை மட்டுமே தருவது சுழற்சியின் இயல்பு. ஐயத்தை நான் கேட்கவில்லை. அது ஓசையின்றி உதிர்ந்துவிட்டது. ஐயுற்ற அறிஞரை எல்லாம் தெரிந்தவராக ஆக்கியிருந்தேன்.

அம்மொழியின் மற்றொரு வழி வார்ப்புருப் பொருத்தம். அங்கே ஆணை இல்லை, விதிதான். 'மேற்கோள் வந்தால் உள்ளே தள்ளி, அடி பிரித்து எழுது' என்றால் போதும். உரைக்குள்ளோ அடிக்குறிப்புக்குள்ளோ, அது எங்கு வந்தாலும் விதி அதனை அடையாளம் காணும். அடிக்குறிப்பிலுள்ள மேற்கோளுக்குத் தனி விதி எழுதினால், அது பொதுவிதியை முந்தும்: பொதுவிதியின் முன்னுரிமை 0, சிறப்புவிதியினது 0.5. எந்த விதிக்கும் உட்படாததை அதன் சொற்களோடு வெளியிடும் உள்ளமைந்த விதியும் உண்டு. பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை! ஆண்டுதோறும் நன்னூல் வகுப்பில் நான் விளக்குவது இதைத்தானே?

சுழற்சியைப் பழிக்கவில்லை. பாட்டு முதற்குறிப்பு அகராதியை இன்றும் அதைக்கொண்டே தொகுக்கிறேன். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்த அது தக்கது. ஆனால் உரைநூல் என்பது, எங்கே எது வருமென்று முன்கூட்டிச் சொல்ல முடியாத பரப்பு.

இரண்டாம் படியில் ஐயங்கள் அலங்காரமின்றி அவையவை இருந்த இடத்தில் நின்றன. ஆசிரியர் அவற்றை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தார். பிறகுதான் பாடல்களைப் படிக்கத் தொடங்கினார்.