அடுக்கின் நடுவே தொலைந்த தாலாட்டு

அடுக்கு என்றதும் தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு அடுக்குத்தொடரே நினைவுக்கு வரும். அதில் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து நின்றாலும் பொருள் தரும். இணையத்தள ஆக்கத்தில் ‘சாஃப்ட்வேர் ஸ்டேக்’ எனப்படும் மென்பொருள் அடுக்கும் அத்தகையதே. இதனை நாங்கள் ஓர் இழப்பின் வழியே கற்றோம்.

2009ஆம் ஆண்டு, எங்கள் மாணவர்கள் தம் ஊர்ப் பாட்டிமாரிடம் கேட்டெழுதிய நாற்பது தாலாட்டுகளை இணையத்தில் ஏற்றினோம். கணினித்துறை மாணவரொருவர் ‘லேம்ப்’ என்னும் அடுக்கின்மேல் தளத்தை அமைத்துத் தந்தார். அடியில் இயங்குதளமாகிய லினக்ஸ். அதன்மேல், வாசகர் கேட்கும் பக்கத்தை அனுப்பிவைக்கும் அப்பாச்சி. பாடல்களைச் சேமித்துவைக்கும் தரவுத்தளமாகிய மைஎஸ்க்யூஎல். சேமித்ததை எடுத்துப் பக்கமாக ஆக்கும் நிரல்மொழியாகிய பிஎச்பி. நான்கின் முதலெழுத்துகளும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் விளக்கு. லினக்ஸ் 1991இலும் ஏனைய மூன்றும் 1995இலும் தோன்றின. கட்டணமின்றிக் கிடைத்தமையால் எங்களைப் போன்ற எளிய துறைக்கும் அவ்விளக்கு எரிந்தது.

மறு ஆண்டு தளத்தை வேறொரு வழங்கிக்கு மாற்றினோம். பழையதைக் கைவிட்ட பின்னரே புதியதைத் திறந்து பார்த்தோம். தலைப்புகள் தமிழில் இருந்தன; பாடல்கள் இருக்கவேண்டிய இடமெங்கும் கேள்விக்குறிகள்.

காரணம் எளியது. பக்கமும் நிரலும் யூனிகோடு எழுத்தைக் கையாண்டன. புதிய தரவுத்தளமோ அந்நாளைய இயல்புநிலைப்படி ‘லத்தீன்-1’ என்னும் எழுத்துமுறையில் இருந்தது. அதில் இருப்பவை 256 இடங்களே. தமிழுக்கு ஓரிடமும் இல்லை. தான் அறியாத ஒவ்வோர் எழுத்துக்கும் அது ஒரு கேள்விக்குறியை இட்டுவிட்டது. அவ்வாறு மாறியதை மீட்க வழியில்லை. இந்த இயல்புநிலை 2018இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் யூனிகோடுக்கு மாறியது.

மாணவர்களின் குறிப்பேடுகளிலிருந்து இருபத்தொன்பது பாடல்கள் கிடைத்தன. எஞ்சியவற்றுக்காக ஒரு மாணவரை ஊருக்கு அனுப்ப முனைந்தபோது அவர் தயங்கிச் சொன்னார்: “ஐயா, பாட்டி போன தையிலேயே தவறிட்டாங்க.”

நான்கு மென்பொருள்களில் ஒன்றும் பழுதானதன்று. நிலைமொழியும் வருமொழியும் சரியாக இருக்க, புணர்ச்சியில் நேர்ந்த பிழை அது. அடுக்கு என்பது உறுப்புகளின் பட்டியல் அன்று. அவற்றிடையே உள்ள உடன்பாடு.

இன்று அடுக்குகளுக்குப் பெயர்கள் பல. தளம் அமைப்போர் எவரைக் கண்டாலும் நாங்கள் ஒன்றே கேட்கிறோம்: ஒரு ழகரத்தை மேலிருந்து கீழ்வரை அனுப்பி, திரும்ப அழைத்துப் பார்த்தீர்களா?