நிக்குமா?

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. அதை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள், "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்ப எடுக்கறாங்க?" என்பார்கள்.

ஆம்புலன்ஸும் இல்லை, அமரர் ஊர்தியும் இல்லை ஸார். அம்பாசடர் எஸ்டேட்! சாதாரண அம்பாசடரின் பின்பக்கத்தை இழுத்து நீட்டி, கடைசிவரை கூரை போட்டு, பக்கவாட்டில் கண்ணாடி வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டாகப் பிறந்து, 1950களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாராவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, 2014 மே மாதம் வரை பிள்ளை பெற்றுக்கொண்டே இருந்த மகராசி அம்பாசடர். அந்தப் பிள்ளைகளில் எஸ்டேட் அபூர்வப் பிறவி.

அப்பா அதை 1981-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கினார். அவர் தோல் தரகர். வீடு நெமிலியில், வியாபாரம் ஊரெல்லாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஷாப்களில் சாம்பிள் வாங்கி, சென்னை பெரியமேட்டுக்குக் கொண்டுபோய் வியாபாரிகளிடம் காட்ட வேண்டும். சுருட்டிய தோல் கட்டுகளைப் படுக்க வைத்து எடுத்துப் போக இதைவிட நல்ல வண்டி கிடையாது.

ஒரே குறை, வாசனை! ஆவாரம்பட்டையும் மீன் எண்ணெயும் கலந்த அந்த மணம் சீட்டுக்குள் குடியேறிவிட்டது. கல்யாணம் முடிந்து என் மனைவியை இந்த வண்டியில்தான் அழைத்து வந்தோம். என்னிடம் அவள் தனியாகப் பேசிய முதல் வாக்கியம்: "பின்னாடி ஏதாவது செத்துக் கிடக்கா?"

1996 வாக்கில் இன்ஜின் தளர்ந்துபோயிற்று. 1489 சி.சி., புதுசாக இருந்தபோதே சுமார் ஐம்பது குதிரைச் சக்தி. அதில் பாதிக் குதிரைகள் ஓய்வு பெற்றுவிட்டன. நாங்கள் தெருவில் போனால் கொசு மருந்து அடிக்கிற வண்டி என்று ஜன்னலைச் சாத்துவார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. அம்பாசடர் கம்பெனிக்காரர்களே காண்டெஸா என்று ஒரு பெரிய கார் விட்டிருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிற்பாடு அதற்கு ஜப்பான் இசுஸுவின் 1817 சி.சி. இன்ஜினையும் ஐந்து கியரையும் வைத்தார்கள். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அதே இன்ஜினை அம்பாசடரிலும் போட்டு விற்றார்கள். 'கம்பெனிக்காரன் செய்தது என்னால் முடியாதா?' இளம் ரத்தம் ஸார்!

1997-ல் சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். உடைந்த கார்களைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கிற இடம். அடிபட்ட ஒரு காண்டெஸாவின் இன்ஜினும் கியர் பாக்ஸும் பில்லோடு கிடைத்தன. ஆற்காட்டில் ஒரு மெக்கானிக் பாயிடம் கொண்டுபோய் இறக்கினேன். பாய் இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது கெழவனுக்கு வாலிபன் இதயத்தை வைக்கிற வேலை. வெச்சிடலாம். கெழவன் தாங்கணும்."

மூன்று மாதம் ஆயிற்று. இன்ஜின் உட்காரும் மவுண்டுகளைப் புதிதாக அடித்தார். புது கியர் பாக்ஸுக்குத் தகுந்தபடி புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டி, அதிராமல் சுற்றுகிறதா என்று பார்த்தார். ரேடியேட்டர், சைலன்ஸர் குழாய், கிளட்ச் இணைப்பு எல்லாம் மாறின. ஸ்டியரிங்கோடு இருந்த கியர் கம்பி போய், தரையில் கியர் வந்தது. அதற்காக மூன்று பேர் உட்காரும் முன்சீட்டை நடுவில் வெட்ட வேண்டியதாயிற்று.

அதுவரை அந்த நடு இடம் என் மனைவியுடையது. "எனக்கு பதிலா இந்தக் கம்பியா?" என்றாள். இன்றுவரை அந்தக் கேள்விக்கு பதில் சொல்லவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் முறைப்படி விண்ணப்பித்து, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியாயிற்று. நெமிலி பாலா சந்நிதியில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஸ்டார்ட் செய்தேன். அடடா! அதுவரை இருமிக்கொண்டிருந்த வண்டி பாட ஆரம்பித்தது. பனப்பாக்கம் ரோட்டில் காலை அழுத்தினால் சீட்டு முதுகைத் தள்ளுகிறது! ஊரே கூடி, "எவ்ளோ ஸ்பீடு போவும்?" என்று கேட்டது. டீக்கடைக்காரர் கேட்டார், போஸ்ட்மேன் கேட்டார், கோயில் குருக்கள்கூடக் கேட்டார்.

அப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்தபடி வேறு ஒன்று கேட்டார்.

"நிக்குமா?"

நான் சிரித்தேன். "இன்னாப்பா நீ! புது இன்ஜின், ஆஃப் ஆவாது. நிக்காது!"

அவர் கேட்டது அதுவல்ல என்று புரிய நான்கு மாதம் ஆயிற்று.

1998 ஜனவரி. அப்பாவைப் பெரியமேட்டுக்கு அழைத்துப் போனேன். பெங்களூர் நெடுஞ்சாலை அப்போது குறுகலான ரோடு. முன்னால் போன பஸ்ஸை முந்துவது, எதிரே லாரி வந்தால் பிரேக்கை மிதிப்பது, மறுபடி முந்துவது... இப்படியே போனேன். அப்பா கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். பேசவில்லை.

காஞ்சிபுரம் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஆள் சைக்கிளில் ரோட்டைக் குறுக்கே கடந்தார். முன்கம்பியில் ஒரு சின்னப் பெண் குழந்தை. பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

இடது பக்கம் ஒடித்தேன். புளியமரத்துக்கும் மைல் கல்லுக்கும் நடுவே புகுந்து, நெல் வயலில் அச்சு வரை இறங்கி நின்றோம்.

சைக்கிள்காரர் ஓடி வந்தார். கை கால் நடுங்குகிறது. குழந்தை அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே சாமி?" என்று கேட்டார். ஸார், நான் கொல்லப் பார்த்த மனுஷன் கேட்கிறார்!

அப்பா சேற்றில் இறங்கினார். குழந்தையின் தலையைத் தடவினார். அவரிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு பின்கதவைத் திறந்து சாம்பிள் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு ஏறி, பஸ்ஸில் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

பாய் சக்கரத்தைக் கழற்றி எனக்குப் பாடம் எடுத்தார். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஐம்பது குதிரைக்கு அது போதும். நான் எண்பது குதிரைக்கு மேல் கட்டிவிட்டு, கடிவாளத்தைப் பழையதாகவே விட்டிருக்கிறேன். அடிக்கடி மிதித்தால் டிரம்முக்குள் சூடு தேங்கி, லைனிங் பிடிப்பை இழக்கும். டிரம்மும் சூட்டில் விரியும், பெடல் கீழே போகும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு செகண்டில் 22 மீட்டர் போய்விடுகிறது. குழந்தை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மனைவி ஒரு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். அது வெளிக்காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறிவிடும். இன்ஜின் உறிஞ்சும் காற்றின் பலத்தால் மிதியைக் கூட்டித் தருகிற பூஸ்டர். புது மாஸ்டர் சிலிண்டர், புது டயர்கள். இன்ஜினுக்குச் செலவழித்ததில் பாதி ஆயிற்று. ஆனால் இந்தத் தடவை யாரும் பார்க்க வரவில்லை. பிரேக்கைப் பார்க்க யார் ஸார் வருவார்கள்?

அப்பா வந்தார். நாலு மாதம் பஸ்ஸிலேயே போய் வந்தவர், ஒரு விடியற்காலை குடையை எடுத்துக்கொண்டு, "வண்டிய எடு" என்றார். ஆளில்லாத பனப்பாக்கம் ரோட்டில், ஒரு புளியமரத்தடியில் இறங்கிக்கொண்டார்.

"எண்பதுல வா. நான் குடையைத் தூக்கினதும் மிதி."

வந்தேன், மிதித்தேன், நின்றது. அப்பா மரத்திலிருந்து வண்டி வரை எட்டு வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். ஐம்பத்தாறு. "இன்னொரு வாட்டி." ஐம்பத்தைந்து. "இன்னொரு வாட்டி." இப்போது நன்றாகச் சூடேறியிருக்கும். ஐம்பத்தாறு.

குடையை மடக்கினார். முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். "காலைல பெரியமேட்டுக்குப் போணும்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் புதுப்பேட்டைக்கு ஓட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை 2000-ல் இறுக்கிவிட்டார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. என் வண்டி அதற்கு முன்னாலேயே புத்தகத்தில் ஏறியது. எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் அந்தப் பழைய தாள்களைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போகிறேன்.

அப்பா 2009-ல் காலமானார். அந்த ரோடும் இப்போது பழைய ரோடு இல்லை. 2024 செப்டம்பரில் அதே பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார், லேண்ட் ரோவர் எல்லாம் செய்வதற்காம். எங்கள் கிழவனுக்கு அக்கம்பக்கத்தில் பெரிய இடத்து உறவு!

போன மாதம் என் மகள் லைசென்ஸ் வாங்கினாள். சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். விடியற்காலையில் இரண்டு பேருமாகக் கிளம்பினோம். கியரைத் தட்டி மாற்றிக்கொண்டே, கண் பளபளக்கக் கேட்டாள்: "அப்பா, இது எவ்ளோ ஸ்பீடு போகும்?"

"அந்தப் புளியமரத்துகிட்ட ஓரம் கட்டும்மா" என்றேன்.

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.