பெயரில் இடம்பெறாதவர்கள்

கியூபாவில் அரிசியையும் கறுப்பு பீன்ஸையும் ஒரே பானையில் சமைக்கும் உணவுக்கு 'மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்' என்று பெயர். மூர்களும் கிறிஸ்தவர்களும் என்பது பொருள். பீன்ஸ் மூர்கள், அரிசி கிறிஸ்தவர்கள். ஸ்பெயினில் இரு தரப்பினரும் நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய போர்களின் நினைவு அது. 1492இல் கிரனாடாவின் வீழ்ச்சியோடு அப்போர்கள் முடிந்தன. கொலம்பஸ் கியூபாவில் கரையிறங்கியதும் அதே ஆண்டில்தான்.

இவ்வுணவை வீட்டில் சமைக்கும்போதெல்லாம் அப்பெயர் என்னை உறுத்துகிறது. இரவெல்லாம் ஊறிய பீன்ஸை வேகவைத்து, அதன் கரிய நீரை எடுத்துவைக்கிறேன். வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, சீரகமும் ஒரிகானோவும் பிரிஞ்சி இலையும் சேர்த்து, பீன்ஸோடு அரிசியையும் அந்நீரிலேயே வேகவிடுகிறேன். பானையைத் திறக்கையில் வெள்ளையாக ஒரு பருக்கையும் எஞ்சுவதில்லை. பெயர் பிரித்து நிறுத்தும் இருவரை நீர் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆனால் இவ்விருவர் மட்டுமா அப்பானையில் இருக்கிறார்கள்? பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். அதை முதலில் விளைவித்த தொல்குடிகளுக்குப் பெயரில் இடமில்லை. 1886 வரை அடிமைமுறை நீடித்த அத்தீவில், கரும்புத் தோட்டங்களிலும் எசமானர்களின் அடுக்களைகளிலும் உழைத்த ஆப்பிரிக்கர்களுக்கும் இடமில்லை. பண்பாடுகள் சந்திக்கையில் ஒவ்வொன்றும் எதையோ இழந்து புதியதொன்று பிறக்கிறது என்று கியூப அறிஞர் பெர்னாந்தோ ஓர்த்திஸ் 1940இல் எழுதினார். அந்தப் புதியதற்குப் பெயரிடும் உரிமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பெயரிட்டவர் ஒருவர், அடுப்பருகே நின்றவர் வேறொருவர் என்றிருந்த இடங்களில், பெயரை மட்டுமே சான்றாகக் கொண்டு வரலாறு எழுத இயலாது. பானையையும் படிக்க வேண்டும்.