கைகோத்து வெளியேறியவர்கள்

லுக்ரீஷியா மாட் என்றதும் எல்லோரும் 1840ஆம் ஆண்டு லண்டனைத்தான் சொல்வார்கள். உலக அடிமை முறை எதிர்ப்பு மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து பிரதிநிதியாகப் போனவரை, பெண் என்பதால் அவையில் சேர்க்கவில்லை. தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து, ஆண்கள் விடுதலை பற்றிப் பேசுவதைக் கேட்டார். அங்கே அறிமுகமான எலிசபெத் கேடி ஸ்டாண்டன் உள்ளிட்டோரோடு சேர்ந்து 1848இல் செனகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினார். என் மனத்தில் தங்கியவை அதற்கு முந்தைய இரண்டு செய்திகள்.

ஒன்று, சம்பளம். குவேக்கர் வழிபாட்டில் பெண்கள் எழுந்து பேசலாம். ஆனால் மாட் இளம்வயதில் கற்பித்த குவேக்கர் பள்ளியில் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் ஒரே கட்டணம். அந்த மாணவிகளே ஆசிரியை ஆனால் ஆண்களின் ஊதியத்தில் பாதிதான். தொகுப்பூதியத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். பேச இடம் தருவதும் உழைப்புக்குக் கூலி தருவதும் வேறு வேறு என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, 1838 மே மாதத்து ஃபிலடெல்ஃபியா. அரங்குகள் தங்களுக்கு மறுக்கப்பட்டதால், அடிமை முறை எதிர்ப்பாளர்கள் தாங்களே பென்சில்வேனியா ஹாலைக் கட்டினார்கள். கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் அங்கே சேர்ந்து அமர்ந்ததைக் கும்பலால் பொறுக்க முடியவில்லை. கறுப்பினப் பெண்கள் வராதிருப்பது நல்லது என்று சொல்லியனுப்பினார்கள். மாட் அதை அவையில் தெரிவித்தார். அதற்கு அஞ்சி யாரும் நின்றுவிட வேண்டாம் என்றும் சொன்னார். அவர்கள் கைகோத்துக்கொண்டு கும்பலுக்கு நடுவே வெளியேறினார்கள். திறந்து மூன்றே நாளில், 17ஆம் தேதி இரவு, கட்டடம் எரிக்கப்பட்டது. மறுநாள் ஒரு பள்ளி அறையில் கூட்டம் தொடர்ந்தது.

இத்தனைக்கும் குவேக்கர் வழிபாட்டு இல்லங்களிலேயே கறுப்பினத்தவருக்குத் தனி பெஞ்சு போட்டிருந்தார்கள். அந்த பெஞ்சின் அவமானத்தை எழுதியவர் சாரா டக்ளஸ் என்ற கறுப்பின ஆசிரியை. 1833இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய பெண்கள் அடிமை முறை எதிர்ப்புச் சங்கத்தில் மாட்டோடு இருந்தவர் அவர்.

கோத்த கைகளுக்கு ஆபத்து சமமாக இருக்கவில்லை. ஹாலை எரித்த கும்பல் மாட்டின் வீட்டை நோக்கிக் கிளம்பியது. நண்பர் ஒருவர் அவர்களை வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டார். மறுநாள் இரவு கும்பல் தாக்கியது கறுப்பின அநாதைக் குழந்தைகளின் காப்பகத்தை. தோழமை என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் அந்தக் காப்பகம் என் நினைவுக்கு வருகிறது.