செர்டாங்கைப் பார்த்து வாருங்கள்

கோலாலம்பூருக்குப் போனால் பத்துமலையையும் இரட்டைக் கோபுரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது நம் வழக்கம். அடுத்த முறை தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, செர்டாங்குக்கும் போய் வாருங்கள். நான்காம் படிவம், ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போங்கள். 2023 மார்ச் முதல் எம்.ஆர்.டி. ரயில் அந்தப் பக்கம் ஓடுகிறது. இறங்கும் நிலையத்தின் பெயரே யு.பி.எம்.தான். வளாகம் பெரியது. நடந்து சுற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.

1931-இல், வெள்ளைக்காரன் காலத்தில், அது ஒரு விவசாயப் பள்ளி. 1947-இல் கல்லூரி ஆயிற்று. 1971-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பிரிவும் வந்து சேர, விவசாயப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. விவசாயப் பாடம் உள்ளே இன்றும் நடக்கிறது; பெயர்ப் பலகையில்தான் அந்தச் சொல் இல்லை.

நம் வீடுகளில் மட்டும் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? "நான் பட்ட பாடு போதும், நீயாவது படித்து வெளியே போ" என்று விடியுமுன் பெரட்டுக்குப் போன தாய் சொல்கிறாள். அவள் சொல்வதில் குற்றம் காண யாராலும் முடியாது. சொந்த நிலம் வைத்திருப்பவன் பிள்ளையிடம் விவசாயம் பேசுவது வேறு; தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் பாடுபட்டவர்கள் பேசுவது வேறு. ஆகையால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மருத்துவமும் பொறியியலும் மேலே ஏறிக்கொள்ள, விவசாயம் அடியில் போய் நிற்கிறது. பாடத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை என்கிறோம். பாதியை வீட்டுப் பேச்சு முன்பே தீர்மானித்துவிடுகிறது.

மீதிப் பாதி, பிள்ளை கண்ணால் கண்டதைப் பொறுத்தது. தோட்டத்தில் அது கண்டது கத்தியும் வாளியும், மருந்துத் தெளிப்பும். செர்டாங்கில் அதே மண்ணைக் கண்ணாடிக் குழாயில் போட்டுச் சோதிக்கிறார்கள். அதே இலையை நோய் கண்டுபிடிக்க அறுத்துப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் பிள்ளைக்கு யார் காட்டினார்கள்?

செம்பனைத் தோட்டத்துப் பாட்டிமார்களுக்கு ஒரு வேலை நினைவிருக்கும். மகரந்தத்தைப் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊதுவார்கள். ஊதாவிட்டால் குலை சரியாகப் பிடிக்காது. ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டில் வேலை பார்த்து வந்த ஒரு துரைக்குச் சந்தேகம் எழுந்தது: அங்கே யாரும் ஊதாமலே காய்க்கிறதே? பூச்சியியல் படித்த ஒருவர் அங்கே போய் ஆராய்ந்தார். அரிசி வண்டைப் போன்ற ஒரு சின்னஞ்சிறு வண்டு அந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தது. 1981-இல் அதை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஊதும் வேலை ஒழிந்தது. குலையும் நன்றாகப் பிடித்தது. நம் பெண்கள் அந்தப் பூவை ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து பார்த்தவர்கள். கேள்வி கேட்கிற இடத்தில் அவர்களை உட்கார வைக்க அந்நாளில் ஆள் இல்லை.

இன்னொரு கேள்வி இன்றும் மிச்சமிருக்கிறது. செம்பனையின் அடியில் காளான் பூத்து, தண்டு அழுகி, மரம் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். கனோடெர்மா என்னும் பூசணத்தின் வேலை அது. பற்றிய மரத்தை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளை இதைப் புத்தகப் படத்தில்தான் பார்க்கும். உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பார்த்திருக்கும்.

போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் படிப்புக்கு வேதியியலும் உயிரியலும் கை கொடுக்கும். நான்காம் படிவத்தில் பாடம் பிரிக்கும்போதே அதை யோசிக்க வேண்டும். எந்தப் பாடத்தில் எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள். பவுடர் ஊதிய கதையைப் போகும் வழியில் பேரப்பிள்ளைக்கு அவரே சொல்லட்டும்.