நீரும் காப்பும்

உழவை நூல்வழியே அறிதல் ஒன்று. கைவழியே அறிதல் மற்றொன்று. 35 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நான், இவ்வேறுபாட்டை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன்.

என் மகன் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் வாழ்கிறான். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ளது அவ்வூர். அவனுடன் வாழச் சென்ற நான், வீட்டின் பின்புறத்துச் சிறு நிலத்தில், தென்மேற்குப் பருவமழை தொடங்கிய ஆனித் திங்களில் 60 தேயிலைக் கன்றுகளை நட்டேன். மழை உள்ளவரை அவை செழித்தன. தை பிறந்தது, மழை ஓய்ந்தது. கன்றுகள் வாடுமே என்று அஞ்சி, ஒவ்வொன்றைச் சுற்றியும் பாத்தி கட்டிக் காலையும் மாலையும் குடங்குடமாக நீர் ஊற்றினேன். சின்னாளில் இலைகள் மஞ்சள் நிறமுற்றுத் தொங்கின. நீர் போதவில்லை போலும் என்றெண்ணி நண்பகலிலும் ஊற்றினேன். மாசி முடிவதற்குள் 22 கன்றுகள் மடிந்தன.

அண்டை வீட்டில் ஒரு மூதாட்டியார் இருந்தார். இளமை முதல் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அவர் மடிந்த கன்றொன்றைப் பிடுங்கிக் காட்டினார். அதன் வேர்கள் கறுத்து அழுகியிருந்தன.

"ஐயா, வேருக்கு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். மண்ணில் நீரே நிறைந்துவிட்டால் காற்று எங்கே நுழையும்? மூச்சுத் திணறி வாடிய கன்றைத் தாகத்தால் வாடியது என்று எண்ணிவிட்டீர்கள்" என்றார்.

"அப்படியாயின், எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் விட வேண்டும், அம்மா?" என்று வினவினேன்.

"நாளை எண்ணாதீர்கள், மண்ணைக் கேளுங்கள்" என்று கூறி, வழியையும் காட்டினார். வேரருகே விரல் ஆழத்திற்குத் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்த வேண்டும். மண் உருண்டையாகத் திரண்டு நின்றால் நீர் வேண்டா. உதிர்ந்து போனால், வேர் முழுதும் நனையுமாறு ஊற்ற வேண்டும். கசிந்து சொட்டினால், வடிகால் வெட்ட வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளித்தலும் தீதே; அதனால் வேர் ஆழச் செல்லாது மேல்மண்ணிலேயே தங்கிவிடும். கன்றின் அடியில் உலர்ந்த புல்லைப் பரப்பினால் ஈரம் நெடுநாள் நிற்கும். தேயிலை மழையை விரும்பும். தேங்கிய நீரை வெறுக்கும். நீர் வடிந்தோடும் மலைச்சரிவுகளில் அது செழித்து வளர்வதன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்று என்பது திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறும் கருத்து. காத்தலாவது கால்நடை மேயாமல் காத்தல் என்றே வகுப்பில் பொருள் உரைத்து வந்தேன். நீர் ஊற்றுபவன் கையிலிருந்தும் பயிரைக் காக்க வேண்டும் என்பதை அந்நாளில் நான் அறிந்திலேன்.

அன்றிரவு, பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். இலக்கணத்தில் அவன் பின்தங்கியபோது பயிற்சிகளை மேலும் மேலும் சுமத்தினேன். அவன் முகம் வாடிற்று. அது பயிற்சிக் குறை என்றெண்ணி இன்னும் சுமத்தினேன். ஒருநாள் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை.

எஞ்சிய 38 கன்றுகள் இன்று இடுப்பளவு உயர்ந்து நிற்கின்றன. மாணவர்களே, நான் இப்போதும் காலையில் தோட்டத்திற்குச் செல்கிறேன்; ஆனால் குடத்தை எடுப்பதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுக்கிறேன்.