வாய் திறவாதவர் பங்கு

ரமலான் பிறை தென்பட்டதும் எங்கள் மஹல்லாவில் இரண்டு பணிகள் ஒருங்கே தொடங்கும். பள்ளிவாசல் அடுப்பில் நோன்புக் கஞ்சி ஏறும். வறிய குடும்பங்களுக்கு நன்கொடை திரட்ட ரசீதுப் புத்தகத்துடன் நாங்கள் வீதியில் இறங்குவோம். கஞ்சிக்கு வழியுண்டு. செல்வர்கள் ஆளுக்கொரு நாள் பொறுப்பேற்கின்றனர். 2001 ஆம் ஆண்டு முதல் தமிழக அரசும் கஞ்சிக்கென அரிசி வழங்கி வருகின்றது. ஆயின், ஸஹர் நேரத்தில் அடுப்பெரியாத வீட்டுக்கு யார் பொறுப்பு?

அவ்வீடுகளைக் கண்டறிவது நன்கொடை திரட்டுவதினும் அரிய பணி. அஸருக்குப் பின் சிறார் ஏந்தி வரும் தூக்குவாளியைக் கொண்டே சிலவற்றை நான் அறிவதுண்டு. மூவர் வாழும் வீட்டிலிருந்து அறுவருக்குரிய வாளி வருமாயின், அவ்வீட்டார்க்கு ஸஹர் உணவும் அக்கஞ்சியே என்று பொருள்.

அத்தாரியாத் அத்தியாயத்தின் 19 ஆவது வசனம், செல்வரின் பொருளில் 'ஹக்கு', அதாவது உரிமை உடையோராக இருவரைக் குறிக்கின்றது. ஒருவர் ஸாயில், கேட்பவர், மற்றவர் மஹ்ரூம். கேட்க நாணுவதாலேயே கிடைக்கப் பெறாதவர் என்று மஹ்ரூமுக்கு விரிவுரையாளர் பலர் விளக்கம் தருவர்.

தொல்காப்பியர் இரத்தற்குரிய சொற்களாக மூன்றைக் கூறுவார். 'ஈ' என்பது தாழ்ந்தோன் சொல். 'தா' ஒப்போன் சொல். 'கொடு' உயர்ந்தோன் சொல். மஹ்ரூமின் நாவில் இம்மூன்றுள் ஒன்றும் எழாது. அவர் பொருட்டு நாங்கள் கேட்கிறோம். 'ஈ' என்றால் உரிமை பிச்சையாகிவிடும். 'கொடு' என்றால் அதிகாரமாகிவிடும். 'தா' என்று கேட்பதே தகும்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் பொருளீட்டும் அன்பர் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தார். அரிசி மூட்டையைப் பெறுவோர் ஒவ்வொருவரையும் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

"ஒரு படந்தானே ஹஜ்ரத்! பிள்ளைகளுக்கு அரிசி கிடைக்குமே" என்றார் எங்களுடன் வந்த இளைஞர்.

அவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் கணக்கு வேறு, காட்சி வேறு.

"தம்பி, அந்தப் படத்தில் நிற்பவர் உங்கள் தாயாராக இருந்தால் அனுப்புவீர்களா?" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை.

கடைச் சீட்டையும், குடும்பங்களின் எண்ணிக்கையையும், ஜமாஅத்தின் முத்திரையுடன் அனுப்புவதாகவும், முகங்களை அனுப்ப இயலாதென்றும் எழுதினோம். பணம் வரவில்லை. மீண்டும் வீடு வீடாக நடந்தோம். பத்தும் இருபதுமாகச் சேர்ந்த தொகை குறையை முற்றும் நிரப்பவில்லை. அவ்வாண்டு மூட்டைகள் சிறுத்தன. தராவீஹ் முடிந்து தெரு அடங்கிய பின் அவற்றை வாசல்களில் சேர்த்தோம். சிறுத்த மூட்டையைத் தூக்கிய தோளுக்குப் பாரம் குறையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேயர்களே! பித்ரா பெருநாளையொட்டி வந்து சேர்கின்றது. பசியோ முதல் ஸஹரிலேயே வந்துவிடுகின்றது. ஆகவே, பொருளில் நாற்பதில் ஒரு பங்காகிய ஸகாத்தைக் கணக்கிடுவோர் ஷஃபான் மாதத்திலேயே ஒரு பகுதியை முன்கூட்டி வழங்கலாகாதா? கையேந்தி வருவோரை வெறுங்கையுடன் அனுப்ப வேண்டாம். அத்துடன், உங்கள் தெருவில் இதுவரை எதுவுமே கேளாத வீடு எது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவ்வாசலை நமக்குக் காட்டித் தர வல்ல நாயன் அருள்புரிவானாக!